நாவல் பூரணி

அறுபதை ஒட்டிய வயதில் ஒரு பூரணியையோ அரவிந்தனையோ சந்தித்தால், அவர்கள் வீட்டில் ஒரு காலத்தில் ‘கல்கி’ வாங்கினார்கள் என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம். நா. பார்த்தசாரதி, மணிவண்ணன் என்ற புனைபெயரில் அந்த வார இதழில் எழுதிய ‘குறிஞ்சி மலர்’ தொடர் அப்படி எத்தனையோ வீட்டுத் தொட்டில்கள்வரை போய்ச் சேர்ந்தது. நானும் அப்படி வந்த ஒரு பூரணிதான். பேரைச் சொன்னதும் “நாவல் பூரணியா?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். “இல்லைங்க, அன்னபூரணி. சுருக்கிக் கூப்பிடுறாங்க” என்று ரொம்ப நாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் எளிது. எனக்கு அந்த நாவல் பிடிக்காது. அம்மா இருந்தவரை அவளிடம் இதைச் சொல்லவில்லை.

கதை தெரியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இறந்துபோகிறார். மூத்த மகள் பூரணி, தம்பிகளையும் தங்கையையும் வைத்துக்கொண்டு திருப்பரங்குன்றத்தில் தவிக்கிறாள். மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கும் அரவிந்தன் அவள் வாழ்க்கைக்குள் வருகிறான். கவிதை எழுதுகிறவன், ஊருக்கு உழைக்கத் துடிக்கிறவன். இருவருக்கும் காதல்தான், ஆனால் காதலைவிட லட்சியத்தைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள். பூரணி மேடைகளில் பேசுகிறாள், தேர்தலில்கூட நிற்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே அரவிந்தன் இறந்துவிடுகிறான். அவள் வேறு யாரையும் கட்டிக்கொள்ளாமல், அவனுடைய விதவையைப் போலவே வாழ்ந்துவிடுகிறாள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சிபோல அரிதான பெண் என்று ஆசிரியர் சொல்லாமல் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் இருந்தது கடையில் வாங்கிய புத்தகமல்ல. வாராவாரம் வந்த இதழிலிருந்து தொடர்ப் பக்கங்களை மட்டும் அம்மா பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்திருந்தாள். அப்பாதான் தன் அச்சாபீசிலேயே பைண்டு போட்டுக்கொண்டு வந்தார். முதுகில் காலிகோ துணி. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. ஓரம் வெட்டும்போது கத்தி கொஞ்சம் உள்ளே இறங்கி, சில பக்கங்களில் கடைசி வரியின் கால்கள் போய்விட்டன. அரவிந்தன் உருகி உருகிப் பேசும் இடத்துக்குப் பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும்.

மதுரை மாசி வீதியைத் தாண்டி ஒரு சந்தில், ஒரே கிணற்றைச் சுற்றி வரிசையாக வீடுகள் உள்ள காம்பவுண்டில் நாங்கள் குடியிருந்தோம். அந்தத் தொகுப்பு எல்லா வீட்டுக்கும் போய் வந்தது. போன இடத்திலெல்லாம் யாராவது ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதிவிடுவார்கள். அம்மா முதலில் ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது, கதையைவிட அந்தப் பென்சில் எழுத்துகளைத்தான் முதலில் படித்து முடித்தேன். ஒரு கை “ஐயோ பாவம்” என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே வேறொரு கை, “என்ன பாவம்? வாய் இல்லையா இவளுக்கு?” என்று கேட்டிருக்கும். அரவிந்தன் நீளமாகப் பேசும் ஓர் இடத்தில் யாரோ “டீ ஆறிவிட்டது” என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்தைப் பார்த்தால் அப்பாவாக இருக்கலாம்.

அப்பா கம்பாசிட்டர். நாளெல்லாம் ஈய எழுத்துகளை ஸ்டிக்கில் கோத்து நிற்கிற வேலை. சாயங்காலம் வந்ததும் கிணற்றடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்ப்பார். நகக்கண்ணில் இருக்கிற மை அப்போதும் போகாது. அவருக்கு அரவிந்தனைக் கண்டாலே ஆகாது. “அச்சாபீஸ்காரன்கிறாங்க. கையில ஒரு பொட்டு மை இருக்கா? எப்பப் பாத்தாலும் டைரி எழுதிக்கிட்டு, மீட்டிங் போயிக்கிட்டு. புரூஃப் யாரு பாக்குறது?” என்பார். அம்மா பதில் சொல்லமாட்டாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் அவரை இன்னும் கிளறிவிடும். எனக்குப் பூரணி என்று பெயர் வைக்க அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் தம்பி பிறந்தபோது ஒரே பிடியாக நின்று தன் அப்பா பெயரை வைத்துவிட்டார். “இந்த வீட்டுல ஒரு அச்சாபீஸ்காரன் போதும்” என்று சொன்னாராம். அம்மா அரவிந்தனைக் காதலித்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்த நாவலில் அத்தியாயத் தலைப்பில் பழந்தமிழ்ப் பாடல் வரிகள் வரும். அவற்றைத் தனி நோட்டில் எழுதி வைத்து, அர்த்தம் தெரியாவிட்டால் கோயிலில் ஓதுவாரிடம்கூடக் கேட்டுவந்திருக்கிறாள். காதல் கதை என்று கையில் எடுத்தவள் அந்த வழியாகத்தான் சங்கப் பாட்டுக்குள் போனாள். பின்னாளில் நான் கல்லூரியில் தமிழ் நடத்தினேன் என்றால் அதன் வேர் அந்த நோட்டில் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

புது மண்டபத்தில் எங்களுக்கு ரவிக்கை தைத்துத் தந்த அண்ணனும் அந்தத் தொகுப்பை வாங்கிப் போனார். திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல் மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே அப்போது வரிசையாக மெஷின் போட்டுத் தைப்பார்கள். பக்கத்திலேயே புத்தகக் கடைகள் இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது அவர் அரவிந்தனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. “அக்கா, முருகானந்தத்தை என்ன அருமையா எழுதியிருக்காரு!” என்றார். முருகானந்தம் அந்தக் கதையில் அரவிந்தனின் நண்பன், தையல்காரன். பணக்கார வீட்டுப் பெண் வசந்தா ஒருவனை நம்பி ஏமாந்து திரும்பி வருகிறாள். அவளை மனசார ஏற்றுக்கொள்பவன் அவன்தான். “லெக்சர் அடிக்கிறவன் ஒருத்தன், செஞ்சு காட்டுறவன் ஒருத்தன்” என்றார். எங்கள் காம்பவுண்டில் அதுவரை யாரும் முருகானந்தத்தைப் பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. அவருக்கோ அது முருகானந்தமும் வசந்தாவும் காதலித்த கதை. பூரணியும் அரவிந்தனும் அதில் ஓரமாக வந்து போகிறவர்கள்.

அதே காலத்தில் அதே ‘கல்கி’யில் வந்த அகிலனின் ‘பாவை விளக்கு’க்கும் காம்பவுண்டில் ஒரு கட்சி இருந்தது. 1960இல் சிவாஜி நடித்துப் படமாகவும் வந்துவிட்டதால் அந்தக் கட்சிக்குக் கொஞ்சம் திமிர். அந்தச் சண்டைகளைச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது.

வீட்டில் நடந்த சண்டை வேறு. அம்மாவின் அக்கா, பெரியம்மா, எங்களோடுதான் இருந்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தாய் வீட்டுக்கு வந்து, பிறகு தங்கை வீட்டுக்கு வந்தவள். வாழ்நாளெல்லாம் அவள் என்னை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டாள், பூரணி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஏனென்று எனக்கு வெகுநாள் தெரியாது. செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்கால மத்தியானம், இருவரும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதையின் முடிவு எவ்வளவு உயர்வானது என்று அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“அவ கட்டாத தாலிக்கு அறுத்தா, அதுக்கு ஊரே அழுவுது. நான் கட்டுன தாலிக்கு அறுத்தேன். அதை எவன்டி எழுதுனான்?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “அவளை யாரும் அப்படி இருக்கச் சொல்லலையேக்கா. அவளா இருந்தா” என்றாள்.

“அதான் சொல்றேன். எனக்கு அவளா இருக்க வழி இருந்துச்சா? வெள்ளைச் சீலைய நாலு பேரு சேந்து கட்டிவிட்டாங்க. அது ஒண்ணும் பூப் பூக்கிற சமாச்சாரமில்ல. எழுதுனவனுக்கு என்ன வயசு இருக்கும்?”

நா. பா. 1932இல் பிறந்தவர். இந்த நாவலை எழுதியபோது அவருக்கு 30 வயது நிரம்பவில்லை. மதுரையில் தமிழாசிரியராக இருந்துவிட்டுப் பத்திரிகைக்குப் போனவர். பெரியம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் ஊகம் சரியாகத்தான் இருந்தது. ஓர் இளைஞனுக்கு, தன்னை நினைத்தே ஒரு பெண் கடைசிவரை இருந்துவிடுவாள் என்ற கற்பனை இனிக்கத்தானே செய்யும்?

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அவளுடைய கணக்கு வேறு. கிராமத்தில் பதினேழு வயதில், முகம் பார்க்காத ஒருவருக்குக் கழுத்தை நீட்டியவள் அவள். பூரணியோ தனக்கானவனைத் தானே தேர்ந்தெடுத்த பெண், மேடையேறிப் பேசிய பெண், அவன் போன பிறகும் ‘இனி இப்படித்தான் இருப்பேன்’ என்று தானே முடிவெடுத்த பெண். அம்மாவுக்கு அந்த முடிவில் தியாகத்தைவிட அதிகாரம்தான் தெரிந்தது. பெரியம்மா அதே பக்கங்களில் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருவருமே ஒரு வரியைக்கூடத் தவறாகப் படிக்கவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு எனக்குப் பேச்சு முளைத்தது. ‘மோகமுள்’ படித்த மிதப்பில், நா. பா.வை ‘லட்சியப் பஞ்சுமிட்டாய்’ என்று நண்பர்கள் சொல்ல, என் பெயரை வைத்துக்கொண்டே நானும் சேர்ந்து சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்தபின் வகுப்பிலும் ஏறக்குறைய அதையே சொல்லிவந்தேன்: பாத்திரங்கள் மனிதர்களாக இல்லை, சொற்பொழிவுகளாக இருக்கிறார்கள், பூரணிக்குக் கோபமே வருவதில்லை. இவை இன்றும் என் கருத்துகள்தான், மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருமுறை இப்படிப் பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அப்பா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. “மேம், அந்த மொத சில அத்தியாயத்துல அவ வேலை தேடிப் போறாளே, அது சொற்பொழிவு இல்ல மேம்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ராத்திரி அந்த அத்தியாயங்களை மட்டும் எடுத்துப் படித்தேன். அவள் சொன்னது சரி. அரவிந்தன் முழுசாக வந்து சேர்வதற்கு முன்னால், சாவு விழுந்த வீட்டில் மறுநாள் உலை வைக்க வேண்டிய பெண்ணாக மட்டும் பூரணி இருக்கிற பக்கங்களில் அலங்காரம் குறைவு. படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. யாராவது ஒரு காதல் நாவலைப் படித்தேன் என்றால், நன்றாக இருந்ததா என்று நான் கேட்பதில்லை. யார் பக்கம் நின்று படித்தீர்கள் என்பேன். ரமணிசந்திரன் வாசகிகளிடம் கேட்டுப் பாருங்கள், கதாநாயகனின் கோபத்தை ரசித்தவர்களும், அதே கோபத்தில் தங்கள் வீட்டு ஆளைக் கண்டு புத்தகத்தை மூடியவர்களும் ஒரே லைப்ரரி வரிசையில் நிற்பார்கள். இலக்கியத் தரம் பற்றி எனக்குக் கறாரான கருத்துகள் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு இவர்களில் யாருக்கும் மார்க் போட முடியவில்லை.

தூர்தர்ஷனில் ‘குறிஞ்சி மலர்’ தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு. க. ஸ்டாலின். அம்மா தவறாமல் பார்த்தாள். “இவ்வளவு அமைதியா பேசமாட்டான் அவன்” என்பது அவளுடைய விமரிசனம். முடிவு நெருங்கியதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு தடவை செத்தவனை மறுபடி ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அப்பா மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்.

என் மகள் பெங்களூரில் ஐடி வேலை. போன வருஷம் அலைபேசியில் இந்த நாவலைப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். “அம்மா, அரவிந்தன் கிரீன் ஃபிளாக்தான், ஆனா ஓவரா கிளாஸ் எடுக்குறான். அவன் செத்தப்புறம் இந்தப் பூரணி ஒரு ரெண்டு வருஷம் அழுதுட்டு வேற ஆளைப் பாத்திருக்கணும்” என்றாள். பெரியம்மா கேட்டிருந்தால் அவளுக்கு முத்தம் கொடுத்திருப்பாள். அம்மா அன்று சாப்பிட்டிருக்க மாட்டாள்.

“நீ யார் பக்கம்மா?” என்று என் கேள்வியையே திருப்பிக் கேட்டாள்.

இத்தனை வயதுக்கு என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் நான் பூரணி பக்கமும் இல்லை, அரவிந்தன் பக்கமும் இல்லை. அக்கா ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டில் தறிகெட்டுப் போகிற தம்பி திருநாவுக்கரசின் பக்கம்தான் நின்றிருக்கிறேன். கருத்தரங்கம், தேர்வுத்தாள் திருத்துவது என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த வருஷங்களில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அந்த நாவலில் எனக்குப் பிடிக்காமல் போனது இதுவாகவும் இருக்கலாம்.

“திருநாவுக்கரசு” என்றேன்.

“யாரு அது?” என்றாள். அவள் அந்தப் பக்கங்களையெல்லாம் தள்ளிக்கொண்டே போய்விட்டாளாம்.