போத்தலில் ஒட்டிய தாள்

போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலேயுள்ள எங்கள் சமையலறையில் அம்மா தாள் வெட்டிக்கொண்டிருந்தா. இருபது வருசம் துப்புரவு வேலை செய்த வீட்டிலிருந்து அவ நிற்கப்போகிற வாரம். அடுத்து வாற பிள்ளைக்காகப் போத்தல்களில் ஒட்ட எழுதினா:

"வினாகிரி. கண்ணாடிக்கு. பளிங்கில் படக்கூடாது, அரிக்கும்."

"வரெக்கினா. கழிவறைக்கு. அசிட்டோடு கலக்காதே, நச்சுப்புகை வரும்."

"போத்தலில பேர் இருக்குத்தானே அம்மா?"

"பேர் காணுமே? நான் பக்கத்தில நிண்டு சொல்லேலாது."

நான் லண்டனிலிருந்து ஒரு தோல்வியோடு வந்திருந்தேன். வாடிக்கையாளர் சேவைக்காக நாங்கள் அமைத்த செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட், திகதியைத் தள்ளிவைக்கக் கேட்ட ஒருவரின் முன்பதிவையே அழித்துவிட்டது. ஏஜென்ட் கருவிகளின் உள்ளே இருக்கும் நிரலைப் பார்ப்பதில்லை. பெயரையும் விளக்கக் குறிப்பையும் வாசித்தே எதை எடுப்பதென்று தீர்மானிக்கும். நீக்கும் கருவிக்கு நான் எழுதியிருந்த குறிப்பு: "முன்பதிவில் மாற்றம் செய்யும்." எனக்கு விளங்கியது, பக்கத்தில் நான் இல்லாத ஏஜென்டுக்கு அது வேறாக விளங்கியது.

அன்றிரவு அம்மாவின் ஒழுங்கிலேயே திருத்தினேன்:

"முன்பதிவை நிரந்தரமாக நீக்கும். வாடிக்கையாளர் ரத்துச் செய்யக் கேட்டால் மட்டும். திகதி மாற்ற இதை எடுக்காதே; அதற்கு வேறு கருவி உண்டு. முன்பதிவு எண் தேவை. நீக்கியதை மீட்க முடியாது."

குறிப்பை மட்டும் நம்பாமல், நீக்குமுன் மனிதர் ஒருவரிடம் கேட்கவும் வைத்தேன்.

சின்ன வயதில் இத்தாலியப் படிவங்களை அம்மாவுக்கு விளங்கப்படுத்தியவன் நான். விளங்க எழுதுவதை இப்போது அவவிடம் படிக்கிறேன்.