கதையில் அழுதவர்

வேதியியல் படிப்பதற்காகக் கொல்கத்தாவுக்கு வந்தவன் நான். தமிழில் கதை எழுதும் பழக்கம் கோவில்பட்டியிலிருந்தே கூட வந்தது. எழுதியதைப் பிறரிடம் காட்டும் பழக்கம் மட்டும் இல்லை. பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். அதை மாற்றியவர்கள் வங்காளிகளே.

இங்கே சிற்றிதழ் நடத்தாத கவிஞனைக் காண்பது அரிது. 1976 முதல் நடந்துவரும் புத்தகக் கண்காட்சிக்குச் சென்றால், சிற்றிதழ்களுக்கென்றே ஒதுக்கிய இடத்தில் எழுதியவர்களே தம் இதழ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நிற்பார்கள். நரைத்த தலையினர் பக்கத்தில் மீசை அரும்பாத மாணவன்! போவோர் எடுத்துப் புரட்டுகிறார்கள், சிலர் வாங்குகிறார்கள், பலர் வைத்துவிட்டு நடக்கிறார்கள். தன் கவிதையை ஒருவர் கீழே வைப்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு, அடுத்தவரை முகமலர்ச்சியோடு அழைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஆய்வுக்கூடத்து அமிலங்களைக் கண்டு அஞ்சாத நான் அதைக் கண்டு அஞ்சினேன்.

இவ்விதழ்களைக் காப்பதற்கென்றே சந்தீப் தத்தா என்னும் பள்ளி ஆசிரியர் 1978இல் கல்லூரித் தெருவுக்கு அருகில் தம் வீட்டிலேயே ஒரு நூலகம் தொடங்கினார். 2023இல் அவர் மறைந்தார். நம்மவரிலும் இத்தகையோர் இல்லாமல் இல்லை. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா, புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றாரே! அவர் பட்ட பாட்டை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

ஆனால் விற்பது எளிது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வாங்குகிறவர் யாரோ, பிடிக்கவில்லையென்றால் போகிறார். யாரைப் பற்றி எழுதினோமோ அவரிடம் காட்டுவதுதான் கடினம். ஆய்வுக்கூடத்தில் நான் கண்ட முடிவை எவரும் மீண்டும் செய்து பார்க்கலாம். நான் சொல்வது மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும். கதைக்கு அவ்வசதி ஏது?

என் அப்பா தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. நான் ஊரை விட்டுக் கிளம்பிய நாளைச் சென்ற மாதம் கதையாக எழுதினேன். ரயில் நகரும்போது தந்தை அழுவதாக அதில் ஒரு வரி வருகிறது. கதையை வீட்டுக்கு அனுப்பினேன். அப்பாவுக்குக் கண்பார்வை மங்கல். தங்கை படித்துக் காட்டியிருக்கிறாள். அன்று இரவே தொலைபேசியில் அழைத்தார்.

"ஏலே, நான் எங்க அழுதேன்? தண்ணி பிடிக்கல்லா போயிருந்தேன்!"

உண்மை. குழாயடியில் நின்ற அவர் முதுகைத்தான் நான் பார்த்தேன். தோள்கள் குலுங்கின. போத்தல் நிரம்பி வழிந்த பிறகும் அவர் திரும்பவில்லை. இதை அவரிடம் சொல்லவா முடியும்?

"ஊர்ல நாலு பேரு படிச்சா என்னடா நினைப்பாங்க?" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி.

அந்த நாலு பேரும் அவரோடு ஆலையில் வேலை செய்கிறவர்கள். நாளை அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். நானோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறேன். வரியை அடித்துவிட்டால் கதையில் உயிரில்லை. அடிக்காமல் அச்சேற்றினால் அவர் மறைத்ததை நான் கடைத்தெருவில் விரித்தவனாவேன். கலைஞனுக்கு முழு உரிமை உண்டு என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் அப்பாவைத் தெரியாது.

இம்மலருக்கு அக்கதையைத்தான் ஆசிரியர் கேட்டார். அதற்குப் பதிலாக இதைக் கொடுத்திருக்கிறேன். வரியை இன்னும் அடிக்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாளையும் எடுத்துச் செல்வேன். தங்கை வேண்டாம், இம்முறை நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன், குழாயடி வரும் வரைக்கும்.