தலை அசையாதவள்

பாலசமுத்திரத்தில் மேளம் கொட்டினால் மலை திருப்பிக் கொடுக்கும். ஊருக்குத் தெற்கே பழனி மலைத்தொடர் சுவராக எழுந்து நிற்கிறது. பாலாறு பொருந்தலாறு அணைப் பக்கமிருந்து காற்று வீசும் இரவுகளில் தவிலின் ஒரு தட்டு இரண்டாகக் கேட்கும். மலைக்குள் இன்னொரு மேளக்கோஷ்டி இருக்கிறது என்று சிறுவயதில் நம்பிக்கொண்டிருந்தேன். பௌதிகம் படித்த பிறகு அது போயிற்று. வேறு சிலவும் போயின. அவற்றில் ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதத் தூண்டியது ஊர் மேளமில்லை, ஒரு கைபேசி.

என் தங்கை மகள் சென்னையில் கணினி வேலை பார்க்கிறாள். நான்கு வருஷமாக அரபு நாட்டு ஆட்டம், அதாவது உலகமெல்லாம் பெல்லி டான்ஸ் என்று சொல்கிறார்களே அதைக் கற்றுக்கொள்கிறாள். இது அவள் அம்மாவுக்குத் தெரியும்; அப்பாவுக்குத் தெரியாது. மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவள் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க மட்டும் பாருங்க மாமா" என்று கைபேசியை நீட்டினாள். ஒரு சிறு அரங்கு. கறுப்பு உடையில் இவள். தலைமேல் கிடையாக ஒரு வளைந்த வாள். பின்னால் ஹெவி மெட்டல் சங்கீதம், இரும்புப் பட்டறையில் இடி இறங்கிய மாதிரி. வாள் அசையவில்லை. இடுப்பு மட்டும் தனியே வேறு யாருக்கோ சொந்தமானது போல ஆடிக்கொண்டிருந்தது. பாதியில் வாளை இறக்கித் தரையில் வைத்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்ற ஆரம்பித்தாள்.

முதலில் எனக்கு வந்தது எரிச்சல்தான். பாரம்பரியமான ஒன்றை எடுத்து அதன்மேல் இரைச்சலைக் கொட்டுவானேன் என்ற எரிச்சல். அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் நான் காவல் காக்கப் புறப்பட்ட அந்தப் பாரம்பரியம் எது என்று யோசித்துப் பார்த்தபோது, கைக்கு அகப்பட்டது வேறு மாதிரி இருந்தது. வயிற்றாட்டம் என்று பெயரிட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1893 சிகாகோ உலகப் பொருட்காட்சியில் அதை வேடிக்கை காட்டிக் காசு பார்த்தார்கள் அமெரிக்கர்கள். எகிப்தியர் அதை ரக்ஸ் ஷர்க்கி, கீழைத்தேச ஆட்டம், என்கிறார்கள். கிழக்கே இருப்பவன் தன்னை மேற்கிலிருந்து பார்த்துச் சூட்டிக்கொண்ட பெயர் மாதிரிதான் அதுவும் படுகிறது. 1926இல் பதியா மஸப்னி கெய்ரோவில் கேளிக்கை அரங்கு திறந்தபின் ஆட்டம் மேடைக்கென்று மாறியது. மணி தைத்த மேல்கச்சும் இடுப்புப் பட்டையும் ஹாலிவுட் கற்பனையோடு கொண்டு கொடுத்து உருவானவை. தலைமேல் வாள் என்பதோ ழெரோம் என்ற பிரெஞ்சு ஓவியனின் படத்திலிருந்து, 1968 வாக்கில் கலிபோர்னியாவில் ஜமீலா சலீம்பூர் நடத்திய குழுவின் வழியாகப் பரவியது. இது தெரிந்த பின்பும் கலப்படம் என்று கூச்சலிடுகிறவன், தனக்கு முந்தைய கலப்படத்தோடு கணக்கை முடித்துக்கொண்டவன். நம் கரகாட்டத்திலும் அப்படித்தான். 1989இல் 'கரகாட்டக்காரன்' வந்தபின் அதன் பாட்டு இல்லாத கரகம் எந்த ஊரில் ஆடியிருக்கிறது?

மின்கிதாரும் கீழைத்தேச ஆட்டமும் சந்தித்ததுகூட நேற்றைக்கில்லை. டிக் டேல் என்ற அமெரிக்கக் கிதார்க்காரர் லெபனான் வழித் தகப்பனுக்குப் பிறந்தவர். குடும்பத்தில் தர்பூக்கா அடிக்கக் கேட்டு வளர்ந்தவர். மிசிர்லு, அதாவது எகிப்துக்காரி, என்ற பழைய கிழக்கு மத்தியதரைப் பாட்டை 1962இல் பேய் வேகத்தில் மின்கிதாரில் வாசித்துப் பதிவு செய்தார். அவர் வாசிப்பின் உரப்பைத் தாங்கும் பெருக்கிகளை லியோ ஃபெண்டர் தனியாகச் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாட்டின் சுரங்கள் நம் மாயாமாளவகௌளையின் சுரங்கள். எங்கள் ஊரில் நாதஸ்வரம் பழகும் பையன்கள் விடியற்காலையில் சரளி வரிசை ஊதித் தூக்கத்தைக் கெடுப்பார்களே, அதே சுரங்கள். மெட்டல்காரர்கள் கிழக்குச் சாயல் வேண்டும்போது ஓடிப்போய் எடுப்பது இதையோ இதன் அண்டைவீடான வகுளாபரணத்தையோதான்.

அது கிடக்கட்டும். சுரம் ஒத்துப்போவதால் ஆட்டம் ஒத்துப்போய்விடாது. அவள் காட்டிய மற்ற ஆட்டங்கள், ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் ஆடியவை, பெரும்பாலும் மோசம். கறுத்த உதடு, மண்டையோட்டு ஒட்டியாணம், புகை. தோரணைக்கு மேல் ஒன்றுமில்லை. இதற்கு இசையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அரபு இசையில் தாளவாத்தியம் இடுப்பைக் கேட்கும், குழலோ வயலினோ வயிற்றையும் கைகளையும் கேட்கும். ஆடுகிறவள் இரண்டுக்கும் நடுவில் தன் உடம்பைப் பங்கிட வேண்டும். அந்தப் பங்கீட்டில்தான் அவளுடைய அறிவு தெரியும். மெட்டலில் கிதாரின் தொடரும் முரசும் ஒரே கட்டியாக வந்து விழுகின்றன. உடம்பு முழுதும் ஒரே இடத்துக்கு இழுபடுகிறது. பங்கிட ஒன்றும் மிஞ்சாததால் உடற்பயிற்சி ஆகிவிடுகிறது. இரட்டை மிதிமுரசு அதிரும்போது அதன்மேல் முழங்காலிலிருந்து எழும் இடுப்பு நடுக்கத்தை ஏற்றுகிறார்களே, அது ஒன்று பொருந்துகிறது. மற்றபடி, இசை கேட்காத ஏதாவதொன்றை ஆடுபவள் தானே கொண்டுவந்தாக வேண்டும்.

எங்கள் பெண் கொண்டுவந்தது தலை.

மெட்டல் கச்சேரியில் தலைதான் ஆடும் உறுப்பு. கேட்பவர்கள் இருந்த இடத்தில் நின்று, முடியை முன்னும் பின்னும் எறிந்து தலையை உலுக்குகிறார்கள். இடுப்பைப் பற்றிய பிரக்ஞையே அவர்களுக்குக் கிடையாது. கரகாட்டத்தில் நேர்மாறு. செம்பு, அதன்மேல் பூங்கூடு, உச்சியில் கிளி. இத்தனையும் சரியாமல் இருக்க வேண்டுமானால் தலையும் கழுத்தும் நடப்பது எதுவும் தனக்குச் சம்பந்தமில்லாதது போல் இருக்க வேண்டும். எகிப்தில் கல்யாண ஊர்வலத்தின் முன்னால் எரியும் மெழுகுவத்திகள் செருகிய கொத்துவிளக்கைத் தலையில் தாங்கி ஆடும் ஷமதான் என்ற ஆட்டமும் இதன் சகோதரிதான். மேலே அசைவின்மை, கீழே அசைவு. அதே எகிப்தில் ஸார் என்றொரு சடங்கும் உண்டு. பிடித்திருக்கும் ஆவியைச் சாந்தப்படுத்தப் பெண்கள் கூடி, முரசடிக்க, கூந்தல் பறக்கத் தலையைச் சுழற்றுவார்கள். அவர்களை யாரும் கல்யாணத்துக்கு அச்சாரம் கொடுத்துக் கூப்பிடுவதில்லை.

நம்மிடமும் இவர்கள் இரண்டு பெண்கள். இதை நான் புத்தகத்தில் கண்டுபிடிக்கவில்லை. 1978 பங்குனியில் இருவரையும் ஒரே நாளில் பார்த்தேன். அப்போது புரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இருபத்திரண்டு வயது. பட்டம் வாங்கியிருந்தேன். சென்னையிலிருந்து தபாலில் வரும் சிறுபத்திரிகைகளை இரண்டு தடவை படிப்பேன். நாங்கள் நாலு இளைஞர்கள் விழாக்குழுவுக்குள் புகுந்து, கரகாட்டம் ஆபாசம், அதை நிறுத்திவிட்டு மெல்லிசைக் குழுவைக் கொண்டுவர வேண்டும் என்று பேசி ஜெயித்தோம். பெரியவர்களுக்கு எங்கள் படிப்பின்மேல் பயம். ஆனால் முன்பே அச்சாரம் வாங்கியிருந்த கோஷ்டிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சாயங்காலம் பழனி டவுன் பஸ்ஸிலிருந்து தவில், பம்பை, தமுக்கு எல்லாம் இறங்கின. கூடவே துணியில் சுற்றிய கரகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணும் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னவன் நான். நன்றாகப் பேசக்கூடியவன் என்று என்னை அனுப்பினார்கள். அவள் சண்டை போடவில்லை. "சரிங்க தம்பி. அச்சாரத்தைத் திருப்பிக் கேக்காதீங்க, பஸ்ஸுக்கே சரியாப் போச்சு" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் தலை அசையவில்லை. அந்தத் தொழில் கழுத்தை அப்படிச் செய்துவிடும் என்று நினைக்கிறேன்.

அன்று இரவு அம்மன் அழைப்பில் உறுமி எழுந்ததும் என் பெரியம்மாவுக்கு அருள் வந்தது. உறுமியின் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்த உறுமல் வயிற்றுக்கடியில் கேட்கும். பர்மிங்ஹாமில் டோனி ஐயோமி என்ற தொழிலாளி இரும்புத்தகடுப் பட்டறையில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, பின்னால் வலி தாங்காமல் கிதார் நரம்புகளைத் தளர்த்தியபோது கிடைத்த தாழ்ந்த கனத்த ஒலியிலிருந்துதான் மெட்டலின் கனம் வந்தது என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுமி ஞாபகம் வருகிறது. பெரியம்மா கொண்டையை உதறி, முடி முகத்தை மூட, இடுப்பிலிருந்து தலைவரை சுழன்றாள். முந்தானை விலகியதை யாரும் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் பார்க்காதவர்களாகிவிட்டார்கள். ஆபாசம் என்று பேசி ஜெயித்த நான் அவள் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டேன்.

அடக்கி ஆடத் தெரிந்தவளைத் திருப்பி அனுப்பினோம். அடங்காமல் ஆடியவளை வணங்கினோம். முதல்வளுக்குக் கூலி உண்டு, மரியாதை கிடையாது. இரண்டாமவளுக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்த ஆட்டம் அவளுடையதில்லை, அம்மனுடையது. தன் ஆட்டம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருவரில் ஒருத்திக்கும் நாங்கள் இடம் வைக்கவில்லை. கைபேசியில் பார்த்த பெண் வாளை இறக்கிவைத்துக் கூந்தலை அவிழ்த்த அந்த ஒரு கணத்தில் இருவரும் ஒரே உடம்புக்குள் வந்தார்கள். என் எரிச்சல் நின்றது அங்கேதான்.

நம் வட்டாரத்தையும் இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியது. தெருக்கூத்தை நம் நாடகத்தின் வேர் என்று ந. முத்துசாமி எழுதியதைப் படித்துப் புல்லரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கட்டியங்காரனுக்குக் கொடுத்த மரியாதையைக் கரகக்காரிக்குக் கொடுக்க நமக்குத் தோன்றவில்லை. கூத்தில் பெண் வேஷம் ஆணுடையது என்பதால் சௌகரியமாயிருந்தது போலும். அந்த வேலையை நாம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் விட்டுவிட்டோம். இன்று திருவிழா ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்றம் வரை போகிறார்கள். ஆபாசம் கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கி வருகிறார்கள். நாங்கள் அன்று சொன்ன அதே வார்த்தை.

சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973இல் தடை வந்தது; அண்மை வருஷங்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். அதே ஊரில் 1992இல் தமிழ்ப் பையன்கள் ருத்ரா என்ற மெட்டல் குழுவைத் தொடங்கி, சமஸ்கிருத மந்திரங்களை அந்த உறுமலோடு பாடினார்கள். ஒன்றால் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. தெருவில் அடிக்க முடியாத முரசு எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் எனக்கு இருக்கிறது.

தங்கை மகள் இன்னொன்றும் காட்டினாள். 2011 ஜூனில் பிரான்ஸ் தேசத்துக் கிளிஸ்ஸோனில் ஹெல்ஃபெஸ்ட் என்ற மெட்டல் விழா. ஆர்ஃபன்ட் லேண்ட் என்ற இஸ்ரேலியக் குழு வாசிக்க, ஜோஹன்னா ஃபக்ரி என்ற லெபனான் பெண் ஆடுகிறாள். முடிவில் இரண்டு நாட்டுக் கொடிகளும் ஒரே மேடையில் உயர்கின்றன. இஸ்ரேலியர்களோடு சேர்வது லெபனான் சட்டப்படி குற்றம். ஆட்டமாகப் பார்த்தால் அது சாதாரணம்தான். கொடியைத் தூக்குவது கொஞ்சம் சுலபமான காரியம் என்றும் எனக்குப் பட்டது. "வீட்டுக்குப் போக முடியாமப் போகும்னு தெரிஞ்சு ஆடுறது சுலபமா மாமா?" என்றாள். தன் அப்பாவை நினைத்துக்கொண்டு கேட்டாளோ என்னவோ.

ஊரில் இந்த வருஷம் கரகம் இருந்தது. குழுவில் இப்போது உள்ளவர்கள் பிள்ளைகள், எங்களைவிடத் தேவலை. பெட்ரோமாக்ஸ் போய் வெள்ளை விளக்கு வந்திருக்கிறது. நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டைத்தான் வாசித்தார். ஆனால் தவில்காரர் முடிப்புக்கு முன் வைத்த தீர்மானம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நான் கரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை மகள் ஆட்டக்காரியின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவெளியில் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கரகம் இவள் தலைக்கு வந்துவிட்டது. "கழுத்த நெனைக்காத பாப்பா, நெனச்சா விழுந்துரும்" என்றாள் அந்த அம்மாள். நாலடி வைத்தாள். விழவில்லை.

"வாளை எப்ப இறக்கறதுன்னுதான் எனக்குப் பிடிபடலை" என்று அவளிடம் தன் சந்தேகத்தைச் சொல்லப் பார்த்து, பாதியில் வேறு மாதிரி கேட்டாள்: "அக்கா, நீங்க எப்பவாச்சும் முடிய விரிச்சுப் போட்டு ஆடியிருக்கீங்களா?"

"எங்கூர்க் கோயில்ல ஆடுவேன். அங்க காசு கெடையாது."

1978ஐப் பற்றி அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அன்று வந்தவள் இவளுக்கு அம்மாவாகவோ பெரியம்மாவாகவோ இருக்கலாம், யாருமில்லாமலும் இருக்கலாம். அதற்குள் அடுத்த தெருவிலிருந்து கூப்பிட்டார்கள். கரகத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். தமுக்குக்காரர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.