கடல் கடந்த சந்நிதிகள்: அமெரிக்காவில் ஒரு நான்கு நகர யாத்திரை

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெரியோர், அங்குள்ள திருக்கோயில்களையும் தரிசித்துத் திரும்ப விரும்புவது இயல்பே. ஆயினும் அத்தேசத்தின் பரப்பை மனத்திற் கொள்ளாமல் திட்டமிட்டால் உடல் ஈடுகொடுக்காது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்ல விமானத்திலேயே ஏறத்தாழ ஆறு மணி நேரமாகும். நான்கு நகரங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இரவுகள் என்ற அளவே போதுமானது. கிழக்கே இறங்கி மேற்கே விமானம் ஏறும்படி பயணச்சீட்டு எடுத்தால் வந்த வழியே திரும்பும் அலைச்சல் இல்லை. வடபகுதியில் பனிக்காலம் கடுமையானது. ஹூஸ்டனின் கோடையோ நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததன்று. செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் உகந்தவை. புரட்டாசிச் சனிக்கிழமையோ நவராத்திரியோ அமைந்தால் அது பெரும் பேறு.

பிள்ளையாரிடமிருந்து தொடங்குவது முறைதானே! நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில் எழுந்தருளியுள்ளார் மகா வல்லப கணபதி. 1977 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று இக்கோயிலின் கும்பாபிஷேகம் நடந்தது. கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் சுடச்சுடத் தோசை கிடைக்கும்.

அங்கிருந்து பிட்ஸ்பர்க் சுமார் 600 கிலோமீட்டர். காரில் ஆறேழு மணி நேரம் மடக்கிய முழங்காலோடு அமர்வதைவிட விமானமே மேல். பென் ஹில்ஸ் பகுதியில், மரங்கள் அடர்ந்த மேட்டில் வேங்கடவன் திருக்கோயில் வெண்ணிறக் கோபுரத்துடன் நிற்கிறது. இதுவும் 1977இல் குடமுழுக்குக் கண்டதே.

ஹூஸ்டனை அடுத்த பியர்லாந்தில் மீனாட்சி அம்மன் ஆட்சி. அன்னையுடன் சுந்தரேசுவரரும் வேங்கடேசப் பெருமாளும் அங்கே எழுந்தருளியிருப்பதால், மதுரைக்காரர்களுக்குப் பிறந்த ஊரின் நினைவு எழாமல் இராது. நிறைவாக, லாஸ் ஏஞ்சலஸ் அருகே கலபாசஸ் மலைச்சாரலில் உள்ள மாலிபு கோயில். மேற்பகுதியில் பெருமாளையும் கீழ்ப்பகுதியில் சிவபெருமானையும் சேவிக்கலாம். படிகளில் நிதானமாக இறங்க வேண்டும்.

பெரியோர் பலர் அங்கு சென்று குழம்புவது திதி விஷயத்தில்தான். திதி உலகெங்கும் ஒரே கணத்தில் தொடங்குகிறது. கடிகாரந்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. அக்டோபரில் நம் ஊரில் திங்கள் காலை ஏழு மணி என்றால், நியூயார்க்கில் ஞாயிறு இரவு ஒன்பதரை. லாஸ் ஏஞ்சலஸில் ஞாயிறு மாலை ஆறரைதான். ஆகவே ஏகாதசியோ அமாவாசையோ அங்கே பெரும்பாலும் ஒரு தேதி முன்னதாக அமையக்கூடும். தர்ப்பணம், சிராத்தம் செய்யும் கடமையுடையோர் நம் ஊர் நாட்காட்டியை நம்பி இருந்துவிடலாகாது. அந்தந்த ஊர்க் கோயில் வெளியிடும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அங்குள்ள அர்ச்சகரையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வார நாட்களில் பல கோயில்கள் நண்பகலில் நடை சாத்துவதால், தரிசன நேரத்தையும் அப்போதே விசாரித்துவிடலாம்.

விசா பத்தாண்டுக்கு இருந்தாலும், தங்கும் காலத்தை விமான நிலையத்து அதிகாரியே நிர்ணயிக்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம் வரை. அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். கறிவேப்பிலை, பழம், விதை, அரிசி ஆகியவற்றை எடுத்துச் செல்லலாகாது. மற்ற உணவுப் பொருள்களையும் மறைக்காமல் படிவத்தில் தெரிவித்தல் நலம். விபூதி, குங்குமப் பொட்டலங்கள் பெரிய பெட்டியில் இருந்தால் சோதனையில் தாமதம் நேராது.

அங்கே ஒருநாள் மருத்துவமனைச் செலவுகூட ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும். எனவே காப்பீடு இன்றிப் புறப்படுதல் கூடாது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இருதய நோய்களுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதைப் பணம் கட்டுமுன் படித்துப் பார்க்க வேண்டும். பயண நாட்களுக்கு மேலும் சில வாரங்களுக்கான மருந்துகள், மருத்துவரின் சீட்டுடன், கைப்பையிலேயே இருக்கட்டும். நடக்கச் சிரமப்படுவோர் சக்கர நாற்காலியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பெறலாம். நான்கு நகரங்களுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்.