தேய வேண்டியது எது?

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் என்ஜினைப் பற்றியே எழுதுகிறார்கள். 1990 யூனில் சண்டை மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, ஒஸ்ரின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கால என்ஜின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை அதைப் பொறுத்துக்கொண்டன. பின்னால் புகை, தெருவெல்லாம் மண்ணெண்ணெய் மணம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதை தெரியும்.

அந்தக் கார்களைத் தாங்கி நின்ற அடிப்பக்கத்தின் கதையை யாரும் சொல்வதில்லை. எரிபொருளுக்கு மாற்று கிடைத்தது. தேய்ந்துபோன முன்சில்லுக் கட்டுக்கு மாற்று வேண்டுமென்றால் லேத்தில் கடைந்தெடுத்தால்தான் உண்டு. நான் செய்வது அந்த வேலை. சுன்னாகத்தில் ஒரு சின்னக் கராச். ஒரு பழைய லேத், ஒரு துளைபோடும் மெசின், ஒரு தண்டவாளத் துண்டு. வருகிற கார்களில் பாதி எனக்கு மூத்தவை.

எங்கள் குடாநாட்டில் கார் ஓடுவது எவ்வளவு கடினமான சீவியம் என்பதை அடிப்பக்கத்தில் படுத்துப் பார்த்தால்தான் விளங்கும். நிலமே சுண்ணாம்புக்கல். ரோட்டுப்புழுதி வெள்ளை மாவாக எழும்பி, கிறீஸ் இருக்கிற இடமெல்லாம் போய் ஒட்டி, கிறீசை அரைக்கிற விழுதாக்கிவிடும். சுற்றிவரக் கடலும் களப்பும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குத் தினமும் ஹயர் ஓடுகிற காரும், தொண்டைமானாறு உப்புக்காற்றில் நிற்கிற காரும் ஒரே மாதிரித்தான் கறள் பிடிக்கும்: மேலே பெயின்ற் மினுங்கும், கீழே இரும்பு உதிரும். மாரி தொடங்கினால் ஒழுங்கைகளில் வெள்ளம். அந்த வெள்ளம் வடியும்போது சில்லுக்குள் போன சேறு வடியாது.

மொரிஸ் மைனரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது முதலில் வைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் வடிவமைத்தவர் அவரே. மைனரின் முன்சில்லுகளுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காரின் நீளவாட்டில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருக்குத் தண்டுகள் ஓடும். சில்லு மேலே எழும்பும்போது, அதைக் கீழே பிடித்திருக்கும் கை, அதாவது கீழ்க்கை, அந்தத் தண்டை முறுக்கும். ஈரச்சாரத்தைப் பிழியும்போது கையில் ஓர் எதிர்விசை தெரியுமே, அந்த எதிர்விசைதான் காரைத் தூக்கி நிறுத்துகிறது. பாவித்த தண்டுகளை இடம் வலம் மாற்றிப் பூட்டக் கூடாது. ஒரு பக்கம் முறுகிப் பழகிய உருக்கை எதிர்ப்பக்கம் முறுக்கினால் அது தன் குணத்தை இழக்கும். அதனால் கழற்றும்போதே நான் சோக்கட்டியால் அடையாளம் போட்டுவிடுவேன். சாரதி பக்கம் தாழ்ந்து நிற்கிற கார்கள் நிறைய வரும். பலர் தண்டு செத்துப்போச்சு என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பின்முனையில் உள்ள நெம்புகோலின் பிடிப்பைக் கொஞ்சம் மாற்றினால் கார் நிமிர்ந்து நிற்கும்.

தண்டு சாவதில்லை. சாவது ட்ரனியன். சில்லைத் தாங்கும் நிமிர்ந்த காலின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரி ட்ரனியனுக்குள் திருகி நிற்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரியில்தான் சில்லு சுற்றுகிறது. காரின் முன்பாரம், குழியில் விழுகிற அடி, பிறேக் பிடிக்கிற இழுவை, எல்லாம் அந்தச் சில புரிகளின் மேல். கிறீஸ் இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. கிறீஸ் காய்ந்து, புழுதி ஏறி, புரி கூராகி, கடைசியில் பிடி விட்டால் கால் ட்ரனியனை விட்டுக் கழன்று சில்லு வெளியே மடங்கும். காரின் மூக்கு தார்றோட்டில் குந்தும். பெரும்பாலும் இது மெல்ல ஓடும்போது, ஒழுங்கைக்குள் ஒடித்துத் திருப்பும்போதுதான் நடக்கும். வேகத்தில் நடந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தடைக் காலத்தில் புது ட்ரனியன் வெளியிலிருந்து வர வழியில்லை. இரும்பு, பற்றரி, சீமெந்து, பெற்றோல் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்த நாட்கள். கிளாலிக் களப்பால் இரவில் படகேறி வருகிற ஆட்கள் தங்கள் பையில் எதைக் கொண்டு வந்தார்களோ அதுதான் வரத்து. ஆகவே கடைந்தோம். மின்சாரம் இல்லை, தோட்டத்துக்கு இறைக்கிற என்ஜினில் பெல்ற் போட்டு லேத்தைச் சுற்றினோம். உருக்கு வேண்டுமா, பழுதான லொறியின் பின்னச்சுத் தண்டு. வெண்கலம் வேண்டுமா, உடைந்த வள்ளத்தின் புரொப்பெல்லர்.

எனக்கு வேலை பழக்கியவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்து, 1990இல் தொழிற்சாலை நின்றதும் இடம்பெயர்ந்து வந்தவர். கையில் லொறி அச்சு உருக்கு இருக்கிறதே, காலையும் உருக்கில் கடைந்து ட்ரனியனையும் உருக்கில் கடைந்தால் இரண்டும் ஆயுசுக்கும் நிற்குமே என்று நான் கேட்டேன். அவர் புரியளவைக் கருவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, ரெண்டும் உருக்கெண்டால் ரெண்டும் சாகும். ஒண்டைத் தேய விடு. கழட்டிப் போடக்கூடியதைத் தேய விடு.”

இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. கிறீஸ் குறைந்த இடத்தில் உருக்கும் உருக்கும் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் இறுகிப் பிடித்து, திருப்பும் விசையில் ஏதோ ஒன்று முறியும். வெண்கலம் மெதுவானது. புழுதி மணி வந்தால் அதைத் தன்னுள் அமுக்கிக்கொண்டு காலை ஓரளவு காப்பாற்றும். வெண்கல உள்புரி தேய்ந்தால் இன்னொன்று கடையலாம். கால் தேய்ந்தால் முழுக் காலையும் தேட வேண்டும். அதனால் ட்ரனியனைத் துளைத்து வெண்கலக் குழாய் ஒன்றை இறுக்கி அடித்து அதில் உள்புரி வெட்டினோம். வெட்டுகிற உளி முறிந்த அரத்தைத் தீட்டிச் செய்தது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துக் காலின் புரியில் பூசித் திருகிக் கழற்றினால், எங்கே முட்டுகிறது என்று கரி சொல்லும். முட்டுகிற இடத்தை மட்டும் மெல்ல எடுக்க வேண்டும். கடைசியில் இரண்டு விரலால் திருப்பினால் போக வேண்டும்; பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் புரி எதிரெதிர்த் திசை என்பதால் ஒரு பக்கத்தில் பழகிய கை மறுபக்கத்தில் தடுமாறும். பூட்டும்போது முழுதாகத் திருகி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, சில்லு இரண்டு பக்கமும் அந்தத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துத்தான் விட வேண்டும்.

இதே காலத்தில் இதே தீவின் தெற்கில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியில், மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று தொடங்கியது. இலங்கைக் கைகள் செய்த தகடுகள் கப்பலேறி இங்கிலாந்து மைனர்களுக்குப் போயின. வடக்கில் நாங்கள் பழைய புரொப்பெல்லரை உருக்கிக்கொண்டிருந்தோம். பல வருடம் கழித்து இதை அறிந்தபோது எனக்கு வலித்தது. இந்த நாட்டில் இந்த வேலைக்கான கைகள் எல்லாப் பக்கமும் இருந்தன. நடுவில் ஒரு பாதை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

அண்மையில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஸ்காபரோவிலிருந்து வந்த உறவுக்காரப் பெடியன் ஒருவன், றேடியோவால் ஓட்டுகிற டாங்கி ஒன்றைக் கொண்டுவந்தான். உண்மையின் பதினாறில் ஒரு பங்கு. டாங்கியை விளையாட்டுச் சாமானாகக் கையில் எடுக்க எங்கள் தலைமுறைக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். இந்த ரோட்டுகளில் ஓடிய ரி-55இன் அடியிலும் மைனரைப் போலவே முறுக்குத் தண்டுதான் சில்லுகளைத் தாங்கியது. அதை நான் அந்தப் பெடியனுக்குச் சொல்லவில்லை. அவன் பிளாஸ்ரிக் சில்லுகளைக் கழற்றி உலோகச் சில்லு, உலோகக் கை, உலோகச் சங்கிலிப்பட்டி எல்லாம் வாங்கிப் பூட்டியிருந்தான். கையில் கனமாக, அழகாக இருந்தது. ஆனால் ஓடவில்லை. “மாமா, எல்லாம் மெற்றலாத்தானே மாத்தினனான், ஏன் முந்தியிலும் பாக்க மோசமாப் போச்சு?” என்று கேட்டான்.

திருப்பிப் பார்த்தேன். உடற்கூடு இன்னும் பிளாஸ்ரிக். உலோகக் கையின் அச்சாணி அதில் போகிற துளைகள் முட்டை வடிவமாகிவிட்டன. கை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய, சில்லுகள் நேர்கோட்டில் இல்லை, பட்டி கழன்றது. உலோகப் பட்டியின் பாரத்தை இழுக்க முடியாமல் கியர்பெட்டிக்குள் பிளாஸ்ரிக் பற்கள் மழுங்கிவிட்டன. வலிமையான துண்டைப் பூட்டியதும் தேய்மானம் மறையவில்லை. பக்கத்துத் துண்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. துளைகளை வட்டமாகப் பெருப்பித்து, விளிம்பு வைத்த சின்னப் பித்தளைப் புஷ்கள் கடைந்து இறுக்கிக் கொடுத்தேன். கியரையும் உருக்கில் வாங்கிப் போடு, பித்தளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடு, தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்று என்றேன். அவன் அந்தப் புஷ்களில் ஒன்றைக் கடைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். அடுத்ததைத் தானே கடைந்தான்.

மைனர்க்காரருக்கும் இன்று இதே ஆசை வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய கார்களின் மதிப்பு ஏறி, வீட்டுக் கொட்டிலில் கோழி அடைந்துகொண்டிருந்த மைனர்கள் வெளியே வந்தன. லண்டனிலிருந்து உறவினர் பொலியூறித்தேன் புஷ்கள் அனுப்புகிறார்கள். ரப்பரைவிட நீடிக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கள் ரோட்டில் குழி கொடுக்கிற அடியை ரப்பர் தான் வாங்கிக்கொள்ளும். கட்டியான புஷ் அதை அப்படியே அறுபது வருடக் கறள் பிடித்த அடிச்சட்டத்துக்குக் கொடுக்கும். புஷ் மலிவு. அடிச்சட்டம் போனால் கார் போச்சு. தடைக் காலத்தில் லொறி ரயரை வட்டமாக வெட்டிப் புஷ்ஷாகப் போட்டோம். அது நல்ல வேலை இல்லை, சத்தம் போடும். ஆனாலும் எந்தச் சட்டத்தையும் அது வெடிக்க வைக்கவில்லை. ஓட்டப்பந்தயக் காருக்கு என்ன சரியோ தெரியாது, குடாநாட்டு மைனருக்கு ரப்பர்தான் என் தீர்ப்பு.

அதைவிட என்னைப் பயப்படுத்துவது அலோய் சில்லுகள். மைனரின் சில்லைப் பிடிக்கும் நாலு ஸ்ரட்டுகள் நிற்கிற வட்டத்தின் விட்டம் நாலு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். யப்பான் சின்னக் கார்களின் சில்லுக்கு அது 100 மில்லிமீற்றர். ஒன்றரை மில்லிமீற்றர் சொச்சம்தானே என்று நட்டை இறுக்கினால் சில்லு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த மாதிரிக் காட்டும். உண்மையில் ஸ்ரட்டுகள் உள்நோக்கி வளைந்து, நட்டு தன் சாய்ந்த இருக்கையில் ஒரு விளிம்பால் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். ஓட ஓட அது தளரும். றிம் வெளியே தள்ளிய சில்லு என்றால் பெயரிங்குக்கும் ட்ரனியனுக்கும் பாரம் இன்னும் கூடும். இந்தச் சில்லோடு வருகிற காருக்கு நான் வேறு எந்த வேலையும் தொடங்குவதில்லை; முதலில் பழைய இரும்புச் சில்லைத் தேடிப் பூட்டச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள்.

அதிர்வடக்கிகளைப் பற்றி ஒரு சொல். மைனரில் அது, சில்லைத் தாங்கும் காலை மேலே பிடிக்கிற மேற்கையாகவும் வேலை செய்கிறது. அதனால் அதன் அச்சில் ஆட்டம் வந்தால் சில்லே சாயும். அதற்குள் பிறேக் ஒயில் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கிற சீல் கெடும்.

உங்கள் வீட்டில் மைனர் நின்றால், மாரிக்கு முன் இதைச் செய்யுங்கள். முன்பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சில்லின் உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், உள்ளே ஒருவரைப் பிறேக் மிதித்துப் பிடிக்கச் சொல்லித் திரும்பவும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங். நிற்காவிட்டால் ட்ரனியன் அல்லது மேற்கை, அந்தக் காரை அதற்குமேல் ஓட்ட வேண்டாம். ஆடாவிட்டால் நல்லது: சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துக்கு மேலொன்று கீழொன்றாக உள்ள நிப்பிள்களைத் துடைத்து, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே தள்ளி புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஆயிரம் மைலுக்கு ஒருக்கால் இதைச் செய்தால் என்னிடம் வரவேண்டிய தேவை உங்களுக்கு நெடுநாளைக்கு இருக்காது.