பின்னால் வருகிறவருக்கான விளக்கு

செயின் சத்தம் போடுகிறது, பிக்கப் இல்லை, மைலேஜ் இறங்கிவிட்டது, கிளட்ச் இழுக்கிறது. கும்மிடிப்பூண்டியில் என் பட்டறைக்கு வரும் வண்டிகள் இப்படி ஏதாவது ஒரு குறையோடுதான் வருகின்றன. பிரேக் லைட் எரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர் அபூர்வம். ஹெட்லைட் போனால் அன்று இரவே தெரிந்துவிடும். இண்டிகேட்டர் பல்பு ஒன்று போனால் மினுக்கும் வேகம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் லைட் போனது பின்னால் வருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் நம்மைத் துரத்திவந்து சொல்லப்போவதில்லை. ஆகவே இது புகார் வராத பழுது. கேட்காமலேயே பார்க்க வேண்டிய பழுதும் கூட.

எங்கள் ஊர்ச் சாலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். தேசிய நெடுஞ்சாலை 16 என்று பலகை வைத்திருந்தாலும் பெரியவர்கள் வாயில் அது இன்னும் ஜி.என்.டி. ரோடுதான். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், சிப்காட் உருக்காலைகளுக்கு ஸ்கிராப் ஏற்றி வரும் டிரெய்லர்கள், ஆந்திராவிலிருந்து எளாவூர் வழியாக இறங்கும் சரக்கு வண்டிகள். இவற்றுக்கு நடுவே நைட் ஷிப்ட் முடிந்து கவரைப்பேட்டைக்கோ மாதர்பாக்கத்துக்கோ போகிற ஒரு பழைய ஸ்பிளெண்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடிக்குள் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சர்வீஸ் ரோட்டுக்கு இறங்க அந்த ஸ்பிளெண்டர் வேகத்தைக் குறைக்கும்போது, பின்னால் இருக்கிற லாரி டிரைவருக்கு அந்த ஒரு வினாடியைக் கொடுப்பது சிவப்பு விளக்கு மட்டும்தான்.

வண்டி எந்த வேலைக்கு வந்தாலும், சாவியைப் போட்டதும் நான் முதலில் அடிப்பது ஹார்ன். பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் கரண்ட் இரண்டு வழியாக ஓடுகிறது. ஹெட்லைட்டும், பின்னால் எப்போதும் எரிகிற டேஞ்சர் லைட்டும் இன்ஜின் சுற்றும்போது காயிலிலிருந்து வரும் ஏ.சி. கரண்டில் எரிபவை. ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியை நம்பியவை. பின் பல்பு ஒன்றுதான், ஆனால் உள்ளே இழை இரண்டு. 5 வாட் இழை ஒரு வழி, 21 வாட் இழை இன்னொரு வழி. 'டேஞ்சர் லைட் நல்லா எரியுதேண்ணா' என்று வாடிக்கையாளர் சொல்வது அதனால்தான் பிரேக் லைட்டுக்குச் சாட்சி ஆகாது.

ஹார்ன் கணீரென்று அடித்தால் பேட்டரியிலும் ஃபியூஸிலும் குறையில்லை. பழுது அதற்குப் பிறகு எங்கோ இருக்கிறது. ஹார்ன் கம்மினால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். கிக்கர் அடித்தால் பேட்டரி செத்திருந்தாலும் இந்த வண்டிகள் கிளம்பிவிடும். ஏனெனில் பிளக்குக்குப் போகும் கரண்ட் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இந்த வசதியே வம்பு. மாதக்கணக்கில் செத்த பேட்டரியோடு வேலைக்குப் போய்வருகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களிடம் பிரேக் லைட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணா, செயினை மட்டும் டைட் பண்ணுங்க, டூட்டிக்கு லேட்டாவுது" என்பார்கள்.

அடுத்து கை பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்ப்பேன். விட்டுவிட்டு, கால் பிரேக்கை மட்டும். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் இரண்டும் மஞ்சள் கோடு போட்ட பச்சை ஒயரில் வந்து சேர்ந்து ஒன்றாகப் பின்னால் போகின்றன. யமஹா என்றால் அந்த ஒயர் மஞ்சள். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் பழுது எரியாத பக்கத்துச் சுவிட்சிலோ அதன் ஒயரிலோ. இரண்டிலும் எரியாவிட்டால் பல்பு, ஹோல்டர், எர்த், அல்லது அந்த மஞ்சள் கோட்டுப் பச்சை ஒயர். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. கை பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்த்து 'ஓகே' சொல்லிவிடுவதுதான் பட்டறைகளில் பரவலாக நடக்கும் தவறு. நம் ஆட்கள் பெரும்பாலும் மிதிப்பது கால் பிரேக்கை.

பின் பிரேக் சுவிட்ச் ஒரு சின்ன பிளாஸ்டிக் உருளை. பெடலிலிருந்து ஒரு ஸ்பிரிங் அதன் தண்டை இழுக்கும். சேறும் தண்ணீரும் நேராக அதன் மேல்தான் அடிக்கும். அட்ஜஸ்ட் செய்யும்போது உருளையைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருக வேண்டும். புதிதாக வேலை பழகும் பையன்கள் உருளையையே திருகுவார்கள். உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். பின் பிரேக்கை டைட் செய்கிற ஒவ்வொரு முறையும் இந்தச் சுவிட்சையும் பார்த்தாக வேண்டும். ராடு நட்டை முறுக்கினால் பிரேக் முன்கூட்டியே பிடிக்கும், சுவிட்ச் பழைய இடத்திலேயே இருக்கும். அப்புறம் வண்டி நின்ற பிறகு விளக்கு எரியும்.

பிரேக்கை விட்ட பிறகும் விளக்கு அணையவில்லை என்றால் நான் சுவிட்சைத் தொடுவதற்கு முன் பின் டிரம்மைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் கோளாறு கரண்டில் இல்லை. பெடல் சுழலும் தண்டு துருப்பிடித்து, பெடல் முழுதாக மேலே வராமல் நிற்கிறது, அல்லது பிரேக் கேம் இறுகிவிட்டது. ஷூ உரசிக்கொண்டே ஓடும் வண்டி அது. மைலேஜ் இல்லை என்று வந்தவருக்கு இங்கே விடை கிடைத்ததுண்டு. இந்த மாதிரி வண்டியில் சுவிட்ச் நட்டைத் தளர்த்தி விளக்கை மட்டும் அணைத்துக் கொடுப்பது நோயை விட்டுவிட்டு வலியை மறைப்பது.

எர்த் பழுதுதான் இந்த வேலையில் சுவாரசியமான பகுதி. இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டுக் கால் பிரேக்கை மிதித்தால், பின்னால் எரியாமல் முன்னால் மீட்டருக்குள் இருக்கும் பல்பு மங்கலாக மினுக்கும். பார்ப்பவர்கள் பேய் பிடித்த வண்டி என்பார்கள். நடப்பது இதுதான்: 21 வாட் இழைக்கு வந்த கரண்ட் எர்த்துக்கு இறங்க வழியில்லாமல், பக்கத்து 5 வாட் இழை வழியாகத் திரும்பி, டேஞ்சர் லைட் ஒயரில் ஏறி, மீட்டர் பல்பு வழியாகத் தரையைத் தேடிப் போகிறது. இதற்குப் புது பல்பு போட்டாலும் பயனில்லை. ஹோல்டரிலிருந்து வரும் கோடில்லாத பச்சை எர்த் ஒயரைச் சுத்தம் செய்து சேசிஸில் இறுக்கினால் போதும். எங்கள் ஊரில் இது அதிகம். உருக்காலைப் பக்கம் நிறுத்துகிற வண்டிகளின் ஹோல்டரைத் திறந்தால் கருப்பாக ஒரு பொடி படிந்திருக்கும். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்து அதைக் கெட்டித் துருவாக்கிவிடும்.

ஒயர் பழுதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை விட டெஸ்ட் லைட் மேல் என்பது என் கட்சி. ஒயருக்குள் செம்பு இழைகள் எல்லாம் அறுந்து துருவேறிய நுனிகள் லேசாக உரசிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் கேட்கும். அந்த லேசான உரசலால் அதைக் கொடுக்க முடியாது. அதனால் பழைய ஹோல்டர் ஒன்றில் 21 வாட் பல்பை மாட்டி, இரண்டு ஒயரில் கிளிப் வைத்ததுதான் என் கருவி. அது எரிந்தால் வண்டி பல்பும் எரியும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும். கழுத்துப் பகுதியில் மேல் உறை நன்றாக இருக்க, உள்ளே ஒயர் அறுந்திருப்பது பழைய வண்டிகளில் சகஜம்.

பல்பு அடிக்கடி போகிறது என்று வருபவருக்குப் பல்பை விற்பதோடு நிறுத்தக் கூடாது. இன்ஜினை முறுக்கும்போது பேட்டரி முனைகளில் 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. கண்ணாடி கருத்த பல்பும் அதைத்தான் சொல்லும்.

எல்.இ.டி. பல்பு மாட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. டேஞ்சர் லைட்டுக்கு வரும் ஏ.சி. கரண்டில் அது துடிக்கும். ஈரமான சுவிட்சில் கசியும் கொஞ்சம் கரண்டுக்கே அது மங்கலாக எரியும். பழைய இழை பல்பு அந்தக் கசிவுக்கு அசையாது. எப்போதும் பாதி எரிகிற பிரேக் லைட் பின்னால் வருகிறவரைக் குழப்பும். பழைய வண்டிக்குக் கம்பெனி போட்ட இழை பல்பே நல்லது.

ஓட்டுகிறவருக்கே தெரியும்படி இதைச் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். 1983இல் வந்த பி.எம்.டபிள்யூ. கே100இல், சாவி போட்டதும் மீட்டரில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரியும். முன், பின் பிரேக் இரண்டையும் ஒரு முறை பிடித்து, பின் பல்பு சரியாகக் கரண்ட் இழுத்தால்தான் அணையும். நம் ஊர் வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயமானதும் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் அது அணைய வேண்டும். அணையாவிட்டால், சக்கரத்துப் பல் வளையத்திலும் சென்சாரிலும் ஒட்டிய சேற்றையும் இரும்புத் தூளையும் முதலில் துடைத்துப் பாருங்கள். பஞ்சர் போட்டபோது சென்சார் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி பலவீனமானாலும் அது எரியும். ஆனால் அந்த விளக்கு பிரேக் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. அந்த வேலை இன்னும் நம்முடையதுதான்.

இன்று டூட்டிக்குக் கிளம்புமுன் வண்டியின் பின்புறத்தைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். சாவியைப் போட்டுக் கை பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பிறகு கால் பிரேக்கை மட்டும். இரண்டு முறையும் சுவர் சிவக்க வேண்டும். என் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று: ஆயில் மாற்ற வந்த வண்டியானாலும் இதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், பார்த்ததற்குக் காசு வாங்காதீர்கள்.