தென்னந்தோப்பில் விளையும் சாக்லேட்

கோயமுத்தூரிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் பொள்ளாச்சி. அங்கிருந்து ஆனைமலைக்குப் போகும் சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னைதான். இளநீருக்குப் பேர் போன ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தென்னைகளின் நிழலிலேயே சாக்லேட்டும் விளைகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

உறவுக்காரர் ஒருவரின் தோப்பில் கோகோ மரங்களைப் பார்த்தேன். பலாவைப் போல அடிமரத்திலேயே காய் தொங்குகிறது. தோப்புக்கார அம்மா பழுத்து மஞ்சளான ஒன்றைக் கட்டையால் தட்டி உடைத்து நீட்டினார். உள்ளே சீதாப்பழம் போல வெள்ளைச் சதை; அதற்குள் முப்பது, நாற்பது கொட்டைகள். சதை புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருந்தது.

"கொட்டையையும் கடிச்சுப் பாருங்க அம்மிணி" என்றார். கடித்தேன். அப்பப்பா, என்ன கசப்பு!

"இதுல ஏதுங்க இனிப்பு? அதெல்லாம் கம்பெனியில சேக்கறதுங்க" என்று சிரித்தார்.

கொட்டைகளைச் சதையோடு குவித்து மூடி, ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். அப்போதுதான் சாக்லேட் வாசனைக்கு வழி பிறக்கிறது. பிறகு வெயிலில் காய்ச்சல். ஆலையில் வறுத்து, அரைத்து, வெண்ணெயைப் பிழிந்து எடுத்தபின் மிஞ்சுவதுதான் நாம் வாங்கும் கோகோ பவுடர்.

அந்த அம்மா சொன்னது என்னை யோசிக்க வைத்தது. என் கணவருக்குச் சர்க்கரை நோய். குழந்தைகளின் பிறந்த நாளில் கேக் வெட்டும்போது, அவர் மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். சாக்லேட் கேக்கில் அவருக்கு ஆகாதது கோகோ அல்ல, நாம் கொட்டுகிற மைதாவும் சர்க்கரையும்தானே? மைதாவின் இடத்தில் அதே தோப்புத் தேங்காயை வைத்தேன்.

தேவையானவை: இனிப்புச் சேர்க்காத உலர் தேங்காய்த் துருவல் 100 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 30 கிராம், முட்டை 4, உருக்கிய வெண்ணெய் 75 கிராம், எரித்ரிட்டால் 80 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை: துருவலை மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றிப் பொடியாக்குங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். கோகோ, பேக்கிங் பவுடர், உப்பு சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். முட்டையையும் எரித்ரிட்டாலையும் நுரைக்க ஐந்து நிமிஷம் அடித்து, வெண்ணெய், எசன்ஸ் ஊற்றி, பொடியை மெதுவாகக் கலக்குங்கள். வெண்ணெய் தடவிய சிறிய டின்னில் ஊற்றி, 170 டிகிரி சூட்டில் சுமார் 35 நிமிஷம் வேகவிடுங்கள். அவன் இல்லையென்றால் குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, முதலில் பத்து நிமிஷம் சூடாக்கி, பிறகு டின்னை உள்ளே ஒரு தட்டின்மேல் வைத்து, சிறு தீயில் 40 நிமிஷம் விடலாம். குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். மைதா இல்லாததால் சூட்டோடு வெட்டினால் உதிரும், நன்றாக ஆறட்டும்.

எட்டுத் துண்டு போட்டால், நார்ச்சத்தையும் எரித்ரிட்டாலையும் கழித்து ஒரு துண்டில் மாவுச்சத்து சுமார் 2 கிராம்தான். நூறு கிராம் மைதா, நூறு கிராம் சர்க்கரை போட்ட கேக்கிலோ, ஒரு துண்டுக்கு 20 கிராமுக்கு மேல் வரும்.

சகோதரிகளே, சில எச்சரிக்கைகள். "கருப்பட்டி நல்லதுதானே, தேன் நல்லதுதானே" என்று மாற்றிப் போடாதீர்கள். இரண்டும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். எரித்ரிட்டால் அதிகமானால் வயிறு பொருமும். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சேர்ப்பது நல்லது. மாவு குறைவென்றாலும் கொழுப்பு உண்டு. ஒரு துண்டில் 200 கலோரி அளவுக்கு இருக்கும். எனவே ஒரு துண்டோடு நிறுத்துங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாக இதைச் சாப்பிட்டுவிட்டு இருக்கக் கூடாது, சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

இன்னொன்று: நோயாளிக்கென்று தனிக் கேக், மற்றவர்களுக்கு வேறு கேக் என்று செய்யாதீர்கள். இதையே எல்லோருக்கும் வெட்டிக் கொடுங்கள். குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டுக்காரரும் எழுந்து போக மாட்டார்.